மூன்றாவது சிவப்பு அட்டை

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே எப்படி என்று நீ எழுதினால்தானே தெரியும்? "போன்ல பேசினா நாம சண்டையிலதான் முடிக்கிறோம், இனிமே லெட்டர்தான்" என்று சொன்னவன் நீ. சொல்லிவிட்டு மாதக்கணக்கில் பேனாவைத் தொடாதவனும் நீ. லிப்ட் குழிக்குள் இறங்கி எண்ணெய் போட நேரம் இருக்கிறது, அக்காவுக்கு நாலு வரி எழுத நேரம் இல்லை. போகட்டும், பிழைத்துப் போ.

விஷயத்துக்கு வருகிறேன். தடகளச் சங்கத் தலைவர் தேர்தலில் நிற்கிறேன். சிரிக்காதே. பழைய ஓட்டக்காரிகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, "நீங்க நிக்கலேன்னா அந்த கான்ட்ராக்டர்தான் வருவாருக்கா, எல்லா கிளப்புக்கும் டிராக்சூட் வாங்கிக் குடுத்தாச்சு" என்று உட்கார்ந்துவிட்டார்கள். டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்கள் என்று பார்த்தால், மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

கான்ட்ராக்டர் போட்ட ஓடுபாதை ஒரே மழையில் உரிந்து வந்தது உனக்கும் தெரியும். அவர் வாய் மட்டும் எந்த மழைக்கும் ஓயாது. "அந்தம்மா எதுக்கு நிக்கிறாங்க? தம்பி பொண்ணை டீம்ல சேக்கத்தான்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரைப் பார்த்து என்ன பேச்சு! ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்த சொந்த நாத்தனாருக்கே அபராதம் போட்ட டிக்கெட் பரிசோதகர் நான். அந்தக் கோபத்தில் உன் மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீடு என்ன நிம்மதியாக இருந்தது தெரியுமா!

அடுத்த மாதம் நடைப்போட்டித் தேர்வு. முதல் இரண்டு பேர் வெளிநாட்டுக்குப் போவார்கள். உன் மகள், நம் வாத்து, அதில் நடக்கிறாள், நடுவர்களில் நானும் ஒருத்தி. சங்கச் செயலாளர் மெதுவாக, "இந்தத் தடவை நீங்க ஒதுங்கிக்கலாமேம்மா" என்று இழுத்தார். என் கண்ணுக்குச் சொந்தம் பந்தம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒதுங்கினால் கான்ட்ராக்டர் சொன்னது உண்மை என்று ஆகிவிடாதா?

நடப்பதற்கு எதற்கு நடுவர் என்று உன் வீட்டுக்காரி போன தடவை கேட்டாளே, அவளுக்குச் சொல். ஓடக் கூடாது, நடக்க வேண்டும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதன் மேல் நேராக வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இந்த இரண்டில் எது தவறினாலும், பார்க்கிற நடுவர் சிவப்பு அட்டை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவார். மூன்று நடுவர்கள் எழுதினால் ஆள் வெளியே. கேமரா கிடையாது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் கூடாது. அவரவர் கண்ணை நம்பித்தான் எல்லாம்.

வாத்துக்கு என் முத்தம். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது நான் சிரிக்க மாட்டேன், கையாட்ட மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவை.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அக்கா

*

மார்ச் 16

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு டாக்டரும் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அம்மாவும். கதவைத் திறந்தபோது டாக்டர் அழுதுகொண்டிருந்தார், அந்த அம்மா அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் நீ சிரிப்பாய், கோபம் இறங்கும் என்று எழுதுகிறேன்.

தலைவரா! எங்கள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தால் சங்கத்து ஆண்கள் எல்லாரும் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருவார்கள், அது மட்டும் நிச்சயம். எங்கள் ஊர் நடையாளர் கிளப்புக்கும் ஒரு ஓட்டு இருக்கிறது. செயலாளர் என்கிற முறையில் போடப் போவது நான்தான். கொஞ்சம் மரியாதையாகப் பேசு.

வாத்து இருட்டு விலகும் முன்பே எழுந்து போகிறாள். திரும்பி வரும்போது மேலெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. தெருவில் பையன்கள் பின்னால் இடுப்பை ஆட்டி நடந்து கேலி செய்கிறார்கள். இவள் திரும்பி, "இன்னும் வேகமா ஆட்டுங்கடா, போதல" என்கிறாள். உன் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? மழைக்காலத்தில் இடது முழங்காலில் வலி வந்ததே, அப்போது களைப்பானால் அந்தக் கால் லேசாக மடங்கியது. கோச் நாலு மாதம் அதற்கென்றே பயிற்சி கொடுத்தார். இப்போது சுத்தமாகச் சரியாகிவிட்டது என்கிறார், படம் எடுத்தும் காட்டினார். எனக்குத்தான் பயம் போகவில்லை. கடைசிச் சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பேன்.

நீ நடுவராக நிற்பதைப் பற்றி என் வீட்டுக்காரி, "அண்ணி ஒதுங்கிட்டா நல்லதுதானே?" என்றாள். நானும் எழுதலாமா என்று யோசித்தேன். அப்புறம், நீ நின்றால் யாராவது வேண்டுமென்றே அவளைத் தள்ளிவிட முடியாதே என்று ஒரு தைரியம் வந்தது. அதனால் எழுதவில்லை. (இப்போது எழுதிவிட்டேன். பார், என் லட்சணத்தை.)

உன் வாக்காளன்,
தம்பி

*

ஏப்ரல் 10

தம்பிக்கு,

நேற்று மைதானத்தில் உன்னைத் தேடினேன். நீ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய் என்றார்கள். வாத்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள் என்பதும், முடிக்க இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது என்பதும் எனக்குத் தெரியாதா?

உனக்கு வருத்தம் இருக்கும். இல்லாமல் இருக்குமா? எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் நான் நின்றது தண்ணீர் மேஜையைத் தாண்டியிருந்த வளைவில், அத்தையாக இல்லை. இடது முழங்கால் மடங்கியது, எழுதினேன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். ஏற்கனவே இரண்டு நடுவர்கள் எழுதியிருந்தார்கள் என்பதும், என்னுடையது மூன்றாவது அட்டை என்பதும் எனக்குத் தெரியவே தெரியாது. யார் பெயருக்கு எத்தனை சிவப்பு என்று காட்டும் பலகையை நடுவர்கள் பார்க்கக் கூடாது.

போட்டி முடிந்ததும் கிளப்காரர்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். கான்ட்ராக்டரின் கையாள் ஒருவன் இருக்கிறானே, எப்போதும் பல் குத்திக்கொண்டு நிற்பவன், அவனே வந்து, "உங்களைத் தப்பா நெனச்சுட்டோம்மா" என்றான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு யாரும் வாத்தை, 'அத்தை தயவில் வந்தவள்' என்று சொல்ல முடியாது இல்லையா? அதையும் யோசித்துப் பார்.

அவள் சின்னப் பெண். அடுத்த வருஷம் இருக்கிறது, அதற்கடுத்த வருஷம் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடச் சொல். முழங்காலுக்கு நல்ல டாக்டராகப் பார், செலவு என்னுடையது.

கோபப்பட்டாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

*

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

நான் கோபப்படவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனது அழுகை வந்துவிட்டதால். நடுரோட்டில் நின்று மூக்கைச் சிந்தினால் லிப்ட் மெக்கானிக்குக்கு என்ன மரியாதை?

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்கிறேன். வாத்து வாசலில் ஷூவைக் கழற்றாமலே நின்று, "அப்பா, நான் மடக்கலப்பா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தை பாக்காம எழுத மாட்டா. நீதான் மடக்கியிருப்ப. களைப்புல உனக்கே தெரிஞ்சிருக்காது" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் உள்ளே போய் ஷூவைத் துடைத்து, பரண் மேல் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தாள்.

அன்றிலிருந்து பயிற்சிக்குப் போவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. சமையலறையிலிருந்து தண்ணீர் எடுத்து வரும்போதுகூடக் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். தம்ளர் தளும்பிக் கீழே கொட்டுகிறது. என் வீட்டுக்காரி துடைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறாள்.

அக்கா, நான் ஒன்று கேட்க வேண்டும். சட்டம் பேசவில்லை, சண்டை போடவில்லை. இடது முழங்கால் என்று எழுதியிருந்தாய். இடது என்று உனக்குத் தெரிந்தது பார்த்ததாலா, நான் கடிதத்தில் உளறியதாலா? நான்தான் என் பெண்ணின் காலைக் காட்டிக் கொடுத்தேனோ என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. லிப்ட் குழிக்குள் நிற்கும்போது அதுதான் ஓடுகிறது. ஒரு நாள் கைவிரலை நசுக்கிக்கொண்டேன். பெரிதாக ஒன்றுமில்லை.

நீ பார்த்தாயா? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு, போதும். அதை அவளிடம் காட்டி, "பாரு, அத்தை பாத்திருக்கா" என்று சொல்லி, திருத்திக்கொள்ளச் சொல்வேன். திருத்திக்கொள்ள ஏதாவது இருந்தால் அவள் எழுந்துவிடுவாள்.

தம்பி

*

ஏப்ரல் 30

அன்புத் தம்பிக்கு,

ஜெயித்துவிட்டேன். கொஞ்ச வித்தியாசம்தான் என்றாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். கான்ட்ராக்டர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஓட்டு எண்ணிய கூடத்தில் நாற்காலி எல்லாம் காலி ஆகும்வரை என்னைச் சுற்றி ஆட்கள். மேடையில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, "சொந்த ரத்தத்துக்கே சிவப்பு அட்டை குடுத்தவங்க, நம்ம எல்லாருக்கும் நியாயமா இருப்பாங்க" என்றார். ஒரே கைதட்டல். உன் மாமாகூடக் கடைசி வரிசையில் நின்று கைதட்டினார்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பெண்கள் தங்கும் அறைக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை, முதலில் அதைப் பார்க்க வேண்டும். ரயில் வேலை முடிந்து வந்தால் சங்கத்து வேலை, அது முடிந்தால் தூக்கம். அதனால்தான் உடனே எழுத முடியவில்லை.

விரலுக்கு மருந்து போட்டாயா? வாத்தைப் பயிற்சிக்குப் போகச் சொல். உட்கார்ந்தால் உடம்பு கெட்டுவிடும்.

அவசரத்தில்,
அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

ஜெயித்ததற்கு மகிழ்ச்சி. மனதாரத்தான் சொல்கிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கடிதத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தேன், ஒருவேளை மடிப்புக்குள் இருக்குமோ என்று. தாழ்ப்பாள் இருக்கிறது, மாமா கைதட்டியது இருக்கிறது, என் விரல் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

சரி. நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால். எங்கள் கிளப்பின் ஓட்டை உனக்குத்தான் போட்டேன்.

ஓட்டுப் போடுவதற்கு முன் கிளப்பில் கூட்டம் கூட்டினோம். எல்லாரும் உன் மேல் கொதித்துக்கொண்டு இருந்தார்கள். "நம்ம பொண்ணை வெளிய தள்ளினவங்களுக்கா? கான்ட்ராக்டருக்கே போட்டுடலாம்" என்றார்கள். கடைசியில் ஒருவர், "அவர் அக்கா, அவர் பொண்ணு. அவரே முடிவு பண்ணட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார். எனக்கும் உன்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று கை அரித்தது, மறைக்க மாட்டேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை இவள் என் அக்காவாக இல்லாமல் இருந்தால்? என் பெண்ணுக்கு அட்டை எழுதியவளாகவும் இல்லாமல் இருந்தால்? யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு ஆள். அந்த அம்மாதான் பெண்களுக்கும் பையன்களுக்கும் ஒரே பரிசுத்தொகை வாங்கிக் கொடுத்தார். வெயிலில் ஓட விட மாட்டேன் என்று ஒரு போட்டியையே நிறுத்தி வைத்தார். அந்த ஆள் உரிந்துபோகிற பாதை போட்டார். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த வேலைக்கு நீதான் தகுதி. போட்டேன்.

அக்கா என்பதற்காகப் போட்டேன் என்று கிளப்பில் பேசுகிறார்கள். பாதிப் பேர் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அது போகட்டும். வாத்தும் அப்படித்தான் நினைக்கிறாள். "உங்களுக்கு அக்காதாம்ப்பா பெருசு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. என் பெண்ணையும் யாரோ ஒரு பெண்ணாகப் பார்த்தாயா?

தம்பி

*

மே 23

தம்பி,

பார்க்கவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. இதற்கு முன் எழுதிக் கிழித்த காகிதங்களில் எல்லாம் ஒரு 'ஆனால்' இருந்தது. வெயில் கண்ணில் அடித்தது, ஆனால். கூட்டம் மறைத்தது, ஆனால். ஒரு மண்ணும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

கடைசிச் சுற்றுக்கு முன்பே பலகையைப் பார்த்தேன். வாத்து பெயருக்கு நேரே இரண்டு சிவப்பு, இரண்டும் கால் தரையை விட்டு எழும்பியதற்கு. பார்க்கவில்லை என்று உனக்கு எழுதியது பொய். எனக்குப் பின்னால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிளப்காரர்கள் நின்றிருந்தார்கள். அவள் வளைவுக்குள் நுழையும்போது அந்தப் பல் குத்துகிறவன், "இப்பப் பாருங்க, தம்பி பொண்ணு வருது. அம்மா வானத்தைப் பாப்பாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரிக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி, நான் ஓட்டை எண்ணினேன். யார் எனக்கு, யார் அவருக்கு என்று முகம் முகமாகப் பார்த்தேன். மறுபடி பாதையைப் பார்த்தபோது அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது அவள் முதுகும் பின்னலும்தான்.

அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. களைத்தால் மடங்கும் என்று எழுதியிருந்தாயே, இவ்வளவு தூரம் வந்தவள் களைக்காமலா இருப்பாள், மடங்கியிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். சரியாகிவிட்டது என்று அதே கடிதத்தில் நீ எழுதியிருந்தது எனக்கு அப்போது தேவைப்படவில்லை. அட்டையை எடுத்து, பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி கையை உயர்த்தி வைத்துக்கொண்டு எழுதினேன். வேறு யாருக்கும் நான் அப்படி எழுதியதில்லை. காட்டிக் கொடுத்தது நீ இல்லை. உன் நம்பிக்கையை எடுத்து அவளை அடித்தது நான்.

வேண்டியவளுக்குச் சலுகை காட்டினால்தான் அநியாயம் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டியவள் என்பதற்காகவே ஒருத்தியைத் தள்ளிவிடுவதும் அதே அநியாயம்தான் என்பது இந்த மரமண்டைக்கு ஏறவில்லை. உன் கடிதம் வந்த அன்று ரயிலில் டிக்கெட் பார்க்கும்போது ஒரு வயதானவர், "நீங்கதானேம்மா அந்த நியாயமான நடுவர்? பேப்பர்ல பாத்தேன்" என்று எழுந்து நின்றார். எனக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

இன்னும் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் கூச்சம் பிடுங்குகிறது. நேற்றுக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, பார்க்காமல் எழுதினேன் என்று சொன்னேன். அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அன்று மேடையில் மைக்கைப் பிடித்த அந்தப் பெரியவர், "இதை ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்!" என்றார். கைதட்டினார்கள் தம்பி. கான்ட்ராக்டரும் தட்டினார். ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். "உங்களை மாதிரி ஆள்தான் வேணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முடிவை எதிர்த்து மனுச் செய்யப் போட்டி நடந்த அன்றைக்கு மட்டும்தான் நேரம், இப்போது மாற்ற முடியாதாம். அவள் இடத்தில் போகிற பெண்ணும் ஒரு பாவமும் செய்யாதவள், அவளைப் பிடித்து இழுக்கவும் நியாயம் இல்லை. நடுவர் பேட்ஜை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். சொந்தக்காரர் பங்கெடுக்கும் போட்டியில் நடுவராக நிற்கக் கூடாது என்று ஒரு விதி போட்டோம். என்ன பிரயோஜனம்?

அவளிடமிருந்து பிடுங்கியதை வைத்து ஜெயித்தேன். பிடுங்கினேன் என்று சொல்லி அதிலும் பேர் வாங்கிவிட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு லாபமாகவே முடிகிறது. உன் ஓட்டை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. நடுவர் நாற்காலியில் ஒரு நாளும் உட்காராதவன் நீ, வேண்டியவளையும் யாரோ ஒருத்தியாகப் பார்க்க உனக்குத் தெரிந்திருக்கிறது.

யாரும் திட்ட மாட்டேன் என்கிறார்கள். நீயாவது நன்றாகத் திட்டி ஒரு கடிதம் போடு. காத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 11

அக்காவுக்கு,

திட்டி எழுத உட்கார்ந்தேன். ரொம்ப நன்றாகத் தொடங்கினேன், இரண்டு பக்கம் போனது. படித்துப் பார்த்தால் அதில் பாதி என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னை நான் திட்டினால் உனக்குக் கொஞ்சம் நிம்மதி வரும், அதை இப்போது தர எனக்கு மனசில்லை. இதையே திட்டாக வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் வாத்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். "நீ மடக்கலம்மா. அப்பா சொன்னது தப்பு. உன்னை நம்பாம பேசிட்டேன்" என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் செருப்பைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"மடக்கலன்னு எனக்குத் தெரியும்ப்பா. என் கால் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

உன் கடிதத்தைக் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அழவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். அக்கா, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மார்ச்லேர்ந்து நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்டே இருக்கீங்க. அத்தை பாவம்னு நீங்க எழுதறீங்க, நீங்க பாவம்னு அத்தை எழுதறாங்க. அட்டை யாருக்குப்பா குடுத்தாங்க? எனக்கு யாராவது ஒரு வரி எழுதினீங்களா?"

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் கடிதங்களில் அவள் எப்படிச் சாப்பிடுகிறாள், எப்படி நடக்கிறாள், தம்ளர் எப்படித் தளும்புகிறது என்று எல்லாம் உனக்கு எழுதினேன். உன் கடிதத்தில் நீ என்னிடம் ஒத்துக்கொண்டாய், கமிட்டியிடம் ஒத்துக்கொண்டாய். நாம் இரண்டு பேருமே அவளை நேராகப் பார்க்கவில்லை. நீ ஒரு வளைவில் பார்க்கவில்லை, நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பார்க்கவில்லை.

தலைவர் வேலையை விடாதே. அதற்கு நீ தகுதி என்று நான் போட்ட ஓட்டு இன்னும் செல்லும். தாழ்ப்பாளை மாட்டு.

ஆனால் இனிமேல் எனக்கு எழுதாதே. நான் கோபத்தில் சொல்லவில்லை. அவளுக்கு எழுது. உறையின் மேல் அவள் பெயரைப் போடு. நான் பிரிக்க மாட்டேன், என்ன எழுதினாய் என்று அவளிடம் கேட்கவும் மாட்டேன். அவள் பதில் போடுவாளா என்று எனக்குத் தெரியாது.

தம்பி

*

ஜூன் 15

தம்பி மகளுக்கு,

அன்புள்ள என்று தொடங்கப் பேனா நின்றுவிட்டது. அந்த உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உனக்கு எதிராக ஒரு சிவப்பு அட்டை எழுதினேன். உன்னைப் பார்க்காமல் எழுதினேன். எனக்கு ஓட்டுப் போட வேண்டியவர்கள் பின்னால் நின்றார்கள், அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதினேன். அதனால் நீ போக வேண்டிய இடத்துக்கு வேறு ஒருத்தி போனாள். நான் உட்கார ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இதை உன் அப்பாவிடம் சொன்னேன், சங்கத்தில் சொன்னேன். உன்னிடம் சொல்ல மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

மன்னித்துவிடு என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் நீ உட்கார்ந்து ஒரு முடிவு சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் உன் தலையில் கட்ட எனக்கு முகமில்லை.

நீ முழங்காலை மடக்கவில்லை என்று எழுதித் தரக்கூட என்னால் முடியாது. நான் பார்க்கவில்லையே. கடைசிச் சுற்றில் அந்த வளைவில் நடந்தது தெரிந்தவள் நீ ஒருத்திதான். உன்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். சொல்லத் தோன்றினால் சொல், எவ்வளவு காலம் ஆனாலும் சரி.

அன்று நீ எப்படி நடந்தாய்?

அத்தை